இடம் மட்டும் காலியாக

சிவாஜிநகர் கடைக்காரர் நீட்டிய ரப்பர் ஸ்டாம்பை மைப் பேடில் அழுத்தி, ஒரு துண்டுக் காகிதத்தில் பதித்துப் பார்த்தாள் சங்கமித்ரா. ‘பிரகாஷ்’ ஒழுங்காக விழுந்திருந்தது. ‘கேத்தரின்’ விழவில்லை. முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது.

“அண்ணா, இது தப்பு. போன தடவையும் இதே தப்புதான்.”

கடைக்காரர் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். “எழுத்து எல்லாம் இருக்குதே மேடம். ஒண்ணும் விட்டுப்போகல.”

“இருக்கு. எடம் மாறி இருக்கு. இந்தக் கொம்பு முன்னாடி வரணும்.”

“நமக்குத் தமிழ் ஓதோக்கே பரல்ல, படிக்க வராது மேடம். கம்ப்யூட்டர் எப்படி குடுக்குதோ அப்படித்தான் வரும்.”

அவரிடம் கோபித்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது? பேனா வாங்கி, அங்கேயே கவுண்டரில் குனிந்து இரண்டு பெயர்களையும் வெள்ளைத் தாளில் தன் கையால் எழுதிக் கொடுத்தாள். “டைப் பண்ணாதீங்க. இதையே படமா எடுத்துப் போடுங்க.” அவர் தலையை ஆட்டினார். முன்பும் இப்படித்தான் ஆட்டினார்.

வெளியே வந்தபோது தூறல். லெதர் பையில் கெட்டி அட்டைக் கட்டு ஒன்று இருந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். அட்டை ஈரம் குடித்துவிட்டால் மடிப்பு கூர்மையாக நிற்காது, ஓரம் வெடித்துவிடும்.

ஃப்ரேசர் டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வரவேற்பில் இருப்பவள் சங்கமித்ரா. கார்டு செய்வது அவளாகவே பழகிக்கொண்டது. பள்ளிக்கூட அழிரப்பரை பிளேடால் செதுக்கி இலையும் கொடியும் அச்சாக்குவாள். மெல்லிய காகிதத்தைச் சதுரமாக வெட்டி, ஸ்டீல் ஸ்பூனின் பின்புறத்தால் தேய்த்துத் தேய்த்துப் பூவாக மடிப்பாள். கூடத்தில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும், யாராவது வேலையை விட்டுப் போனாலும் அவள் கார்டுதான். தம்பி பிரகாஷுக்குக் கல்யாணம் என்று முடிவானதும் அவள் வாயே அவளுக்கு எதிரியானது. “கடையில அடிக்க வேணாம். அழைப்பிதழ் நான் செய்றேன். அதுதான் என் சீர்” என்று சொல்லிவிட்டாள்.

அவள் மனதில் இருந்த கார்டு எளிமையானது. முழுவதும் வெள்ளை. வெளியே ஒரு ஓரத்தில் பச்சை மையில் ஒற்றை இலை. விரித்தால் நடுவில் மடிந்திருக்கும் தாமரை இதழ் இதழாக எழும்பும், மூடினால் சத்தமில்லாமல் படிந்துகொள்ளும். அந்தத் தாமரை எழும்பும்போது எங்கும் சிக்காமல் இருக்க அவள் எத்தனையோ காகிதங்களைக் கசக்கிப் போட்டிருந்தாள்.

முதல் மாதிரியை லிங்கராஜபுரத்துக்கு எடுத்துப் போனது பிரகாஷ். மணப்பெண் கேத்தரினின் அப்பா ஃபிராங்க்ளின், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மனைவி இறந்தபின் மகளைத் தனியாக வளர்த்தவர். அவரிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் குரல் செய்தி வந்தது. “ரொம்ப அழகா இருக்கும்மா. ஆனா தாமரைன்னா நம்ம சபையில வேற மாதிரி நெனைப்பாங்க. லில்லிப் பூவா மாத்திடலாமா? மேலே ‘கர்த்தருக்குச் சித்தமானால்’ன்னு ஒரு வரி. சின்ன மாற்றம்தான்.”

அதை அம்மா காந்தாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். “லில்லியா? அது என்னா பூவு? தாமரை இல்லாம என் வீட்டுலேருந்து கார்டு போவாது. புத்தர் படம் ஒண்ணு போடு மித்ரா. உங்கப்பா இருந்தா பாபாசாகேப் படமும் கேட்டிருப்பாரு.”

“ரெண்டு பேருக்கும் புடிக்கிற மாதிரி ஏதாச்சும் பண்ணுக்கா” என்றான் பிரகாஷ், போனிலிருந்து தலையைத் தூக்காமல். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை அவனுக்கு. நடுவழியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் பொறுமையாகப் பேசி அமைதிப்படுத்துவதில் கெட்டிக்காரன். அதே பேச்சை வீட்டிலும் பேசுவான்.

சங்கமித்ரா இதழ்களைக் குறைத்தாள். நுனியை நீட்டினாள். ஃபிராங்க்ளின் பார்த்தால் லில்லி, காந்தா பார்த்தால் தாமரை என்று ஒரு பூ வந்தது. கூடத்தில் அவளோடு வேலை செய்யும் மமதா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது என்ன, வாழைப்பூவா?” என்று கேட்டாள். சங்கமித்ராவுக்கு அந்தக் கார்டைக் கிழித்துப் போடலாம்போல இருந்தது. கிழிக்கவில்லை. அன்று சாயங்காலமே உட்கார்ந்து அதேபோல இன்னும் மடித்தாள்.

பிறகு நிறம். வெள்ளை துக்கத்துக்கு உரியது என்று அம்மாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். நீலம் என்றாள். நீலம் கட்சிக் கூட்ட நோட்டீஸ் மாதிரி இருக்கும் என்று பிரகாஷ் முணுமுணுத்தான், ஆனால் அம்மாவிடம் சொல்லவில்லை, அக்காவிடம் சொன்னான். இளமஞ்சள் அட்டை வாங்கினாள். ஃபிராங்க்ளின் அதற்கு, “கேத்தரின் அம்மாவுக்கும் மஞ்சள்னா புடிக்கும்” என்று குரல் செய்தி அனுப்பினார். அந்த ஒன்றில் மட்டும் அவர் குரல் இளகியிருந்தது. சரி, இனி வேலை ஓடும் என்று நினைத்தாள். பெயரும் தேதியும் அச்சிட்டு, பூவை ஒட்டி, பாதிக்கு மேல் முடித்தும்விட்டாள். சாப்பாட்டு மேஜை முழுக்கக் கார்டு. அம்மாவும் பிரகாஷும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மிச்சமிருந்தது ஒரே வரி. கல்யாணம் நடக்கும் இடம்.

ஃபிராங்க்ளின் தன் பக்கத்து வாசகத்தை எழுதி அனுப்பினார். லிங்கராஜபுரத்தில் அவர் போகும் ஆலயம், காலை பத்து மணி ஆராதனை. சங்கமித்ரா அதைப் படித்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

“அம்மா, கல்யாணம் எங்கன்னு உங்கிட்ட சொன்னான் பிரகாஷ்?”

“இதென்னா கேள்வி? நம்ம புத்த விஹார்லதான். அங்க இருக்குற பிக்கு, பந்தேகிட்ட நானே போய்ப் பேசிட்டு வந்தேன். காலைல பத்து மணி.” காந்தா குழம்பைக் கிளறியபடி சொன்னாள். “அந்தப் பொண்ணு வீட்டுல ஒத்துக்கிட்டாங்கன்னு உன் தம்பிதான் சொன்னான். நல்ல மனுசங்க.”

சங்கமித்ரா அடுக்களையை விட்டு வெளியே வந்தாள். இத்தனை வாரமாக அவள் பூவையும் நிறத்தையும் மாற்றி மாற்றிச் செத்தது எதற்காக என்று அப்போதுதான் புரிந்தது. ஒருவருக்கும் கார்டில் குறை இல்லை. இரண்டு வீடும் இரண்டு வேறு கல்யாணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தன.

பிரகாஷ் வந்து கால் கழுவும்வரை காத்திருந்தாள். மாடிப்படிக்கு அழைத்துப் போனாள்.

“எந்த எடம்டா போடட்டும்?”

அவன் நெற்றியைத் தேய்த்தான். “இடத்த மட்டும் காலியா வையேன் அக்கா. அப்புறம் ஸ்டாம்ப் அடிச்சுக்கலாம்.”

“எந்த ஸ்டாம்ப்?”

“ரெண்டு பண்ணிடு. அவங்க ஆளுங்களுக்குச் சர்ச். நம்ம ஆளுங்களுக்கு விஹார்.”

“பத்து மணிக்கு ரெண்டு எடத்துலயும் நிப்பியா?”

“டைம் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாம். ஃபாதர்-இன்-லாவுக்கு எட்டு மணிக்கு முடிச்சுட்டா...”

“அம்மா கேட்டா?”

“அம்மாவுக்குத் தெரிய வேணாம்.”

“சர்ச்சுல உன்ன அப்படியே கட்டிவச்சுடுவாங்களா?”

கீழே தெருவில் யாரோ ஆட்டோவை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றதும் மெல்லச் சொன்னான். “ஞானஸ்நானம் எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்கேன்.”

“எடுக்கப்போறியா?”

“இல்ல.”

“கேத்தரினுக்குத் தெரியுமா?”

“அக்கா, இதெல்லாம் தானா சரியாய்டும். நீ சும்மா டென்ஷன் ஆகாத. கார்டு மட்டும் கொஞ்சம் சீக்கிரம்...”

அவள் கை ஓங்கியது உண்மை. சின்னப்பிள்ளையில் அடித்ததோடு சரி, பிறகு அவனை அவள் தொட்டதில்லை. கையை இறக்கிக்கொண்டு உள்ளே போனாள். அப்பா சின்னப்பா பௌத்தம் தழுவியபோது எடுத்த உறுதிமொழியைச் சாகும்வரை மீறாத மனிதர். கோயிலுக்கும் போகமாட்டார், ஜாதகமும் பார்க்கமாட்டார். அவர் பெற்ற பிள்ளை, போகிற இடத்திலெல்லாம் அங்கே கேட்கப் பிடித்ததைச் சொல்லிவிட்டு வருகிறது. அவளுக்குக் கோபத்தைவிட அலுப்புதான் அதிகமாக இருந்தது. இவனுக்காகப் பேசிப் பேசியே அவளுக்கு வயதாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மிஸ்ஸிடம், அப்பாவிடம், வேலைக்குச் சேர்த்த மேஸ்திரியிடம், எல்லா இடத்திலும் அவன் வாய் மூடி நிற்பான், அக்கா பேசுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதிரிக் கார்டு ஒன்றைக் கவரில் போட்டுக்கொண்டு லிங்கராஜபுரம் போனாள். ஃபிராங்க்ளின் ஆராதனை முடிந்து இன்னும் வந்திருக்கவில்லை. கேத்தரின் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிசியோதெரபிஸ்ட், கைகள் வலுவானவை, ஈரப் போர்வையை ஒரே உதறலில் கொடியில் போட்டாள்.

“வாங்க அக்கா! சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே.”

உள்ளே உட்கார்ந்ததும் கார்டைக் கேட்டு வாங்கினாள். மெதுவாக விரித்தாள். பூ எழும்பியது. மூடினாள், மறுபடி விரித்தாள், பக்கவாட்டில் குனிந்து அடிப்பக்கம் எப்படி ஒட்டியிருக்கிறது என்று பார்த்தாள். “இது எப்படிக்கா கிழியாம வருது? இந்த மடிப்புல ரெண்டு பக்கமும் இழுக்குதே.” அந்தக் கார்டைப் பற்றி அப்படி ஒருத்தர் கேட்டது அதுதான் முதல்முறை. சங்கமித்ராவுக்கு அந்த நிமிடம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

“எடம் போடலையே?” என்றாள் கேத்தரின்.

“எந்த எடம் போடணும்னு உங்கிட்ட கேக்கத்தான் வந்தேன்.”

“சர்ச்தானே? உங்க அம்மா ஒத்துக்கிட்டாங்கல்ல? அழுதாங்க, ஆனா ஒத்துக்கிட்டாங்கன்னு பிரகாஷ் சொன்னாரே.”

“எங்கம்மா அழல. விஹார்ல பந்தேகிட்ட தேதி குடுத்துட்டு வந்திருக்காங்க. உங்க அப்பா ஒத்துக்கிட்டாருன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கான்.”

கேத்தரின் கார்டை மூடினாள். ஓரத்தை ஓரத்தோடு சரியாகப் பொருத்தி மேஜைமேல் வைத்தாள்.

“ஞானஸ்நானம்?”

சங்கமித்ரா இல்லை என்று தலையை அசைத்தாள்.

“நான் கேக்கவே இல்லக்கா அதை. அப்பா கேட்டாரு. ‘வேணாம்னா வேணாம்னு சொல்லிடு, நான் அப்பாகிட்ட பேசிக்கறேன்’னு பிரகாஷ்கிட்ட சொன்னேன். அவரேதான் சரின்னாரு.” அவள் குரல் உயரவில்லை. போனை எடுத்தாள். “பிரகாஷ், எங்க இருக்கீங்க? வீட்டுக்கு வாங்க. இல்ல, இப்பவே. அக்கா இங்கதான் இருக்காங்க.”

பிரகாஷ் வந்து ஸ்கூட்டரை நிறுத்தும்போதே ஃபிராங்க்ளினும் வேதாகமத்தைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். “அட, எல்லாரும் இருக்கீங்க. கார்டு ரெடியா?” என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அப்பா, பிரகாஷ் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்” என்றாள் கேத்தரின்.

பிரகாஷ் அக்காவைப் பார்த்தான். பழக்கமான பார்வைதான். சங்கமித்ராவின் தொண்டைவரை வார்த்தைகள் வந்துவிட்டன. எப்படி ஆரம்பிக்க வேண்டும், எதை முதலில் சொன்னால் பெரியவருக்கு வலி குறையும் என்று எல்லாம் தயாராக இருந்தது. அவள் பற்களைக் கடித்துக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாள்.

கொடியில் போர்வை சொட்டும் சத்தம் கேட்டது.

“அங்கிள்,” என்றான் பிரகாஷ். நிறுத்தினான். மறுபடி, “அங்கிள், நான் ஞானஸ்நானம் எடுக்கமாட்டேன். எடுக்கறதா சொன்னது பொய். எங்கம்மாகிட்ட கல்யாணம் விஹார்லன்னு சொல்லியிருக்கேன். அதுவும் பொய்.”

ஃபிராங்க்ளின் கண்ணாடியைக் கழற்றினார். “இந்த வீட்டுல சாப்பிட உக்காரும்போதெல்லாம் எங்களோட ஜெபம் பண்ணியே தம்பி.”

“அது மனசாரத்தான் பண்ணேன் அங்கிள்.”

“அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு.” அவர் எழுந்தார். “நீ முதல் நாளே முடியாதுன்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். ஒரு மாசம் பேசாம இருந்திருப்பேன். அப்புறம் என்ன செய்வேன், என் பொண்ணுதானே. இப்ப நான் சபையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.” கார்டை எடுத்துச் சங்கமித்ராவிடம் நீட்டினார். “இதுல என் பேர் வேணாம்மா.”

உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது. கேத்தரின் பிரகாஷின் பக்கமே திரும்பவில்லை. “ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிக்கலாம்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். “பண்ணிக்கலாமான்னு நான் இன்னும் யோசிக்கணும். நீங்க கிளம்புங்க.”

ஜீவனஹள்ளியில் தங்கள் வீட்டில் காந்தா இதைக் கேட்டுவிட்டு அழவில்லை, கத்தவுமில்லை. பந்தேயைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல, சேலை மாற்றிக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். திரும்பி வந்து, “எம் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?” என்று ஒரே ஒரு தடவை மகனிடம் கேட்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள், “சொல்லாத. நீ எது சொன்னாலும் நம்பத் தோணும்” என்றாள்.

கேத்தரின் யோசித்து முடிக்கச் சில வாரம் ஆனது. அந்த வாரங்களில் பிரகாஷ் வேலை முடிந்து லிங்கராஜபுரம் போய் வாசலில் நின்றுவிட்டு வருவான். ஒருநாள் உள்ளே கூப்பிட்டாளாம். என்ன பேசினார்கள் என்று அவன் சொல்லவில்லை, சங்கமித்ராவும் கேட்கவில்லை. பிறகு இருவரும் பதிவு அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். ஒரு மாத நோட்டீஸ் காலம் முடிந்தபின் தேதி. பழைய தேதி அதற்குள் கடந்துபோயிருந்தது.

மேஜையில் கார்டுகள் அப்படியே கிடந்தன. ஃபிராங்க்ளின் பெயரோடு, பழைய தேதியோடு, வாழைப்பூவோடு.

“அக்கா,” என்றான் பிரகாஷ் ஒரு சாயங்காலம், “தேதிமேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டா...”

அவள் கார்டுகளை இரண்டு கையாலும் வாரினாள். அவன் மடியில் கொட்டினாள். பூக்கள் சில விரிந்து எழும்பின, சில நசுங்கின. “எடுத்துக்கோ. ஒட்டு, கிழி, என்னாத்தையோ பண்ணு. நான் ஒரு கார்டும் செய்யமாட்டேன். ஒரு ஸ்டாம்பும் அடிக்கமாட்டேன். ஒவ்வொரு தடவையும் ‘சின்ன மாற்றம், சின்ன மாற்றம்’னு... நான் மடிச்சது வெறும் காகிதம்னு நெனச்சியா? வேலைலேருந்து வந்து முதுகு ஒடிய உக்காந்தேன்டா. ஒருத்தருக்கும் உண்மையச் சொல்ல உனக்கு வாய் இல்ல, அதுக்கு என் கை பூவ மாத்திக்கிட்டே இருக்கணுமா?”

காந்தா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். மகளை அதட்டவில்லை.

பிரகாஷ் கார்டுகளைப் பொறுக்கி மேஜையில் வைத்தான். பிறகு புது அட்டை ஒன்றை எடுத்து மடித்தான். கோணலாக மடிந்தது. ஸ்பூனை எடுத்துத் தேய்த்தான். குழிந்த பக்கத்தால் தேய்த்தான், ஓரம் வெடித்தது. சங்கமித்ரா டிவியைப் போட்டுக்கொண்டு, திரும்பாமல் உட்கார்ந்தாள். திரும்பினால் கை தானாக அதைச் சரிசெய்யப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் கேத்தரினும் வந்தாள். அவன் செய்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, “அய்யோ” என்று மட்டும் சொன்னாள். இருவரும் தரையில் உட்கார்ந்து மடித்தார்கள். அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பூ அவர்களுக்கு வரவில்லை, விட்டுவிட்டார்கள். இலை அச்சு மட்டும், தலைகீழாகச் சில, மை கொட்டிச் சில. பெயரையும் தேதியையும் கேத்தரின் பேனாவால் எழுதினாள். கடைசியில் வந்தது அசிங்கமான கார்டு. சங்கமித்ராவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கை அரித்தது. ஆனால் அதில் இருந்த ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தது. அதை மறுக்க அவளால் முடியவில்லை.

பதிவு அலுவலகத்துக்கு ஃபிராங்க்ளின் வரவில்லை. காந்தா வந்து, கையெழுத்துப் போடும்போது ஒரு மூலையில் நின்றாள். சாட்சிக் கையெழுத்துகளில் ஒன்று சங்கமித்ராவுடையது. ஜீவனஹள்ளியில் சின்ன ஹாலில் மதியச் சாப்பாடு. பந்தி பாதி நடக்கும்போது ஃபிராங்க்ளின் வாசலில் நின்றார். ஆராதனைக்குப் போகும் அதே வெள்ளைச் சட்டை. யாரும் அழைப்பதற்குள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். காந்தா பார்த்தாள். பரிமாறுகிறவரிடமிருந்து சாதத் தட்டை வாங்கிக்கொண்டு அவர் இலைமுன் போய் நின்றாள்.

“இன்னும் கொஞ்சம் போடட்டுமா?”

“போதும்மா.”

அன்று இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். கேத்தரின் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் இலையிலும் சாதம் போடச் சொன்னாள். அவர் அவள் பக்கம் திரும்பாமலே தன் அப்பளத்தை எடுத்து அவள் இலையில் வைத்தார்.

சங்கமித்ரா ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். ஒருவர் அழைப்பிதழை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தார். இன்னொன்று ஆடும் மேஜைக்காலுக்கு அடியில் நாலாக மடிந்து கிடந்தது. நல்லவேளை, அது தன் கார்டு இல்லை என்று முதலில் நினைத்தாள். பிறகு அந்த நினைப்பே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

கை கழுவும் இடத்தில் பிரகாஷ் பக்கத்தில் வந்து நின்றான். மாலை கழுத்தில் கசங்கியிருந்தது.

“அக்கா, வந்தவங்களுக்கெல்லாம் ஒரு நன்றி கார்டு அனுப்பினா நல்லா இருக்கும்ல?”

அவள் குழாயை மூடினாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“நல்லா இருக்கும். ஒவ்வொரு வீடா நேர்ல போய், உன் வாயால சொல்லிட்டு வா” என்று சொல்லிவிட்டு, தனக்கு இலை போட்டிருக்கும் இடத்தைத் தேடிக்கொண்டு போனாள். அவளுக்கு நல்ல பசி.